கடைசி ஒரு விரற்கடை

காரின் பெயின்ற்றுக்குப் பனியால் பெரிய கெடுதல் ஒன்றும் வருவதில்லை. வருவதெல்லாம் பனியை வழிக்க வருகிறவரால்தான். ரொறன்ரோவில் ஒரு ஜனவரிக் காலை, வேலைக்குப் புறப்பட இன்னும் 10 நிமிடமே இருக்கும்போது, வாசலில் இறங்குகிற மனிதரின் கையைக் கவனியுங்கள். தும்புத்தடி இருக்கும், இல்லையென்றால் நடைபாதை வழிக்கிற சவள். அவசரம் முற்றினால் தோசை திருப்புகிற தட்டகப்பையும் வெளியே வரும். கெட்ட மனிதரல்ல, சுத்தத்தில் அக்கறை உள்ளவர், சிக்கலே அதுதான். கடைசிப் பொட்டுவரை வழித்துக் கூரையின் நிறம் முழுவதும் தெரிந்தால்தான் அவருக்கு மனம் ஆறும். என் கட்சி இதற்கு நேர் எதிர்: ஒரு விரற்கடை பனியைக் காரிலேயே விட்டுவிட வேண்டும். காரை உண்மையாக நேசிக்கிறவர் கொஞ்சம் அரைகுறையாகத்தான் வழிக்க வேண்டும்.

கணக்கு என் பக்கம் இருக்கிறது. காரின் நிறத்துக்கு மேலே, அதைக் காப்பதற்கென்று நிறமில்லாத ஒரு மேற்பூச்சு உண்டு. அதன் தடிப்பு சுமார் 40 அல்லது 50 மைக்ரோன். தலைமயிர் ஒன்றே ஏறத்தாழ 70 மைக்ரோன் இருக்கும். ஷோரூமில் மணிக்கணக்காகப் பேரம் பேசி வாங்கிய பளபளப்பு முழுவதும் ஒரு மயிரின் தடிப்புக்குள் அடக்கம். அந்தப் பூச்சும் பிளாஸ்ரிக் இனத்தது, கல்லோடு மல்லுக்கட்டப் பிறந்ததல்ல. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில், உறைநிலைக்கு அருகிலிருக்கும் பனிக்கட்டி ஒன்றரை அளவில்தான் நிற்கிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்கு 7. அந்த மணலும் உப்பும் காருக்கு எங்கிருந்து வரும் என்று கேட்கத் தேவையில்லை. ஒன்ராறியோவில் கொட்ரிச் என்ற ஊரில், ஹூரன் ஏரிக்கு அடியில் சுமார் 550 மீற்றர் ஆழத்தில் ஒரு சுரங்கம் இருக்கிறது. உலகத்தின் மிகப்பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அதுதான். அங்கே வெட்டுகிற உப்பில் பெரும்பங்கு தெருவுக்குத்தான் போகிறது. பூச்சியத்துக்குக் கீழே 10 பாகையைத் தாண்டினால் உப்பின் வீரம் குறைந்துவிடும். ஆகவே வின்னிபெக் போன்ற கடுங்குளிர் ஊர்களில் மணலையும் தூவுவார்கள்.

நேற்று மாலை 401 நெடுஞ்சாலையில் முன்னால் போன லொறி வாரியிறைத்த சேறு காரின் மேல் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரவு முழுவதும் அதன்மேல் பனி பெய்கிறது. காலையில் நமக்குத் தெரிவது வெள்ளை மட்டும்தான். வானத்திலிருந்து இப்போதுதான் விழுந்தது, இதைவிடச் சுத்தமான பொருள் உண்டா என்று சிலர் கேட்பார்கள். அது உண்மைதான். ஒவ்வொரு பனித்துகளும் ஒரு நுண்ணிய தூசைச் சுற்றி உருவானதுதான் என்றாலும், அந்தத் தூசு காரை ஒன்றும் செய்யாது. மேலே இருப்பது சுத்தம். கீழே இருப்பது 401. தும்புத்தடி அடிவரை இறங்கும்போது அந்த மணலையும் கூட்டிக்கொண்டு பூச்சின் மேல் ஊர்வலம் போகிறது. உப்புத்தாள் பிடித்துத் தேய்த்தாலும் நடப்பது இதுதான். சேதம் அன்றைக்குத் தெரியாது. ஏப்ரலில் வெயில் சரிவாக விழும் ஒரு மாலையில் பொனற்றைப் பாருங்கள். சூரியனின் பிரதிபிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாக நூல்போன்ற கீறல்கள் தெரியும். உண்மையில் அவை எல்லாத் திக்கிலும் கிடக்கின்றன. ஒளியைச் சுற்றி வளைகிறவை மட்டுமே கண்ணில் படும். கறுப்புக் கார் வைத்திருப்பவர்கள் அந்த மாலையில் கண்ணை மூடிக்கொள்வது நல்லது.

நூற்றுக்கணக்கான புதுக்கார்களை வெட்டவெளியில் நிறுத்தி வைக்கும் விற்பனை நிலையங்களில் இதை அறிந்திருக்கிறார்கள். அங்கே நீளக் கம்பின் நுனியில் தட்டையான நுரைப்பலகை ஒன்றைப் பூட்டி, பனியின் மேற்பாதியைத் தள்ளி விழுத்துவார்கள். தேய்ப்பதில்லை, தள்ளுவது, தூக்குவது, மறுபடி தள்ளுவது. வீட்டிலும் அப்படித்தான். கூரையிலிருந்து கீழ்நோக்கி வர வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் புகைக்குழாயின் வாயை மூடியிருக்கும் பனியை அகற்ற வேண்டும். அதை மறந்து எஞ்சினைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தால் நச்சுப்புகை காருக்குள் வரும். அந்த நிலையில் பெயின்ற்றைப் பற்றிப் பேசுவது அநாவசியம். சுரண்டி கண்ணாடிக்கு மட்டுமே உரியது. கண்ணாடியின் கடினம் ஏறத்தாழ ஐந்தரை, பிளாஸ்ரிக் சுரண்டி அதை ஒன்றும் செய்யாது. ஆனால் கையோடு கையாக அதே சுரண்டி பொனற்றுக்கும் இறங்கும்போதுதான் அனர்த்தம். சுடுதண்ணி ஊற்றுகிற வைத்தியமும் சிலரிடம் உண்டு. பனி கரையும், முன்கண்ணாடி வெடிக்கும், வழிந்த தண்ணீர் கதவு இடுக்கில் இறுகி, கார்க்காரரை வெளியிலேயே நிறுத்தி வைக்கும்.

அப்படியானால் வழிக்காமலே புறப்படலாமே, காற்று பார்த்துக்கொள்ளும் என்று சோம்பேறிகள் சங்கம் என்னைத் தன் தலைவராக்கப் பார்க்கும். அந்தப் பதவி எனக்கு வேண்டாம். இலேசான பனியே கனமீற்றருக்கு 100 கிலோ இருக்கலாம். 2 சதுரமீற்றர்க் கூரையில் 30 சென்ரிமீற்றர் படிந்தால் 60 கிலோ, அதாவது ஆசனப்பட்டி போடாத ஒரு பயணி. பிரேக்கை அழுத்தினால் அவர் சறுக்கி முன்கண்ணாடிக்கு இறங்குவார். வேகமாகப் போனால் பின்னால் வருபவரைச் சந்திப்பார். நியூ ஜேர்சியில் கூரைப் பனியை அகற்ற முயலாமல் ஓடுகிறவருக்கு 25 முதல் 75 டொலர்வரை தண்டம் உண்டு. நான் விடச் சொன்னது விரற்கடை, முழமல்ல. அதுவும் பொடிப்பனிக்குத்தான். உறைமழை பெய்து பாளமாக இறுகிவிட்டால் என் கொள்கை செல்லாது. உள்ளே சூடு போட்டுக் காத்திருந்து, இளகியபின் பாளம் பாளமாகத் தள்ளத்தான் வேண்டும். அந்தக் காலைகளில் வேலைக்குப் பிந்துவதே மரியாதை.

துணி போட்டு மூடலாமே என்பது அடுத்த யோசனை. துணிக்கு அடியிலும் அதே மணல் இருக்கிறது. காற்றடிக்கும்போது நம்மை எழுப்பாமலே இரவு முழுவதும் துணி தானாகத் தேய்த்துக்கொள்ளும். கராஜுக்குள் விடலாமே என்றால், ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ் வீடுகளின் கராஜைத் திறந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். மீன் பொரிக்கிற இரண்டாவது அடுப்பு, அரிசி மூட்டைகள், யாருடையதோ கல்யாணத்து நாற்காலிகள், இத்தனைக்கும் பிறகு காருக்கு எங்கே இடம்? பழைய கார்தானே என்பவர்களிடம் மட்டும் வாதாட மாட்டேன். இந்த நுண்கீறலால் துரு வராது. கல் பட்டு உலோகம் தெரியும் இடத்தில்தான் துரு பிடிக்கும். வெறும் அழகின் விஷயம் இது, அழகு வேண்டாதவர் சவளால் வழிக்கலாம். வேண்டுகிறவர் இலையுதிர் காலத்திலேயே மெழுகு பூசிவைத்தால் பனி எளிதில் வழுக்கும்.

பனிக்குப் பலத்தால் பதில் சொல்வது ரொறன்ரோவின் பழக்கம். 1999 ஜனவரியில் பனி குவிந்தபோது மேயர் மெல் லாஸ்ற்மன் ராணுவத்தையே கூப்பிட்டார். மற்ற மாகாணங்கள் இன்னும் சிரித்து முடிக்கவில்லை. பலசாலிகள் மனம் தளர வேண்டாம். காரை மெல்ல வழித்து முடிக்கும் நேரம் பார்த்து நகரசபையின் பனிவண்டி தெருவால் வந்து, வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். அதைச் சவளால் எவ்வளவு மூர்க்கமாகவும் வெட்டலாம். அடியில் இருப்பது தார், மேற்பூச்சு கிடையாது.