ஊது, பிசை

ஸ்டாக்ஹோம்,
ஞாயிறு மதியம் மூன்றரை மணி
(ஜன்னலுக்கு வெளியே நடுராத்திரி)

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் பேசினால் பாதி காதில் விழவில்லை, ஒழுங்காகக் கடுதாசி போடு என்றாய். போட்டுவிட்டேன். உன் மூக்குக் கண்ணாடியின் கால் உடைந்துபோனதாகச் சொன்னாயே, மாற்றியாயிற்றா? உன் பேத்தி நன்றாக இருக்கிறாள். மூன்று மணிக்கே இருட்டிவிடுவதால் மதியச் சோறு தின்றதும் குட் நைட் சொல்கிறாள்.

எங்கள் ஆபீஸில் ஒருவருக்கு ஐம்பது வயது நிறைகிறது. நம்ம ஊரில் அறுபதுக்குத்தான் மாலையும் ஹோமமும். இவர்கள் ஐம்பதையே கல்யாணம் மாதிரி கொண்டாடுகிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பரிசு வாங்குகிற வேலையை என் தலையில் கட்டினார்கள். கையால் செய்த கண்ணாடிச் சாமானோ பீங்கானோ வாங்க வேண்டுமாம். அதற்காக நேற்று ஹோர்ன்ஸ்காதன் தெருவுக்குப் போனேன். அந்தத் தெருவின் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று மேடாகிவிடும். அதற்கு 'புக்கெல்ன்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் கூன். கூன் முதுகின் மேல் வரிசையாகக் கலைக்கூடங்கள்.

நான் நுழைந்த கடையின் பேர் 'ப்ளோஸ் ஒக் க்னோடா'. அர்த்தம் கேட்டால் சிரிப்பாய். 'ஊது, பிசை'. கண்ணாடி ஊதுகிறவர்களும் களிமண் பிசைகிறவர்களும் கூட்டுறவாகச் சேர்ந்து 1975-ல் ஆரம்பித்தது. கோ-ஆப்டெக்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள், ஆடித் தள்ளுபடி மட்டும் எதிர்பார்க்காதே. நீயும்தான் ஆயுசு பூராவும் அடுப்பை ஊதினாய், மாவைப் பிசைந்தாய். உன் பேரில் யார் போர்டு மாட்டினார்கள்?

உள்ளே போன பிறகுதான் முதுகில் பை தொங்குவது ஞாபகம் வந்தது. குளிர்க் கோட்டு வேறு, சுருட்டிக் கட்டிய மெத்தை மாதிரி. வெண்கலக் கடையில் யானை புகுந்தது என்பாயே, அந்த யானை கொடுத்துவைத்தது. வெண்கலம் நசுங்கினால் எடைக்காவது போடலாம். நான் பையைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, கூட்டமான பஸ்ஸில் கைக்குழந்தைக்காரி நகர்வது போல ஒருக்களித்தே நகர்ந்தேன்.

ஒரு குவளை கண்ணில் பட்டது. சாம்பல் பூத்த நிறம். பிடி கிடையாது. விளிம்பு வட்டமாகவும் இல்லை, கோணல் என்றும் சொல்ல முடியாது. கவிழ்த்துப் பார்த்தால் அடி வளையத்தில் மட்டும் மெருகு பூசாமல் மண் சொரசொரவென்று தெரிந்தது. ஓரத்தில் கடுகளவு முத்திரை, செய்தவருடையது. விலைச்சீட்டு 450 குரோனர். நம்ம காசுக்கு ஏறக்குறைய 4,000 ரூபாய்.

அந்த விலையைப் பார்த்த அதிர்ச்சியோ என்னவோ, கை தானாக மடங்கி, முட்டியால் டங் டங்கென்று தட்டிவிட்டது. மானாமதுரைக்காரன் சட்டிபானையைத் தட்டாமல் வாங்குவானா? கச்சேரிக்குக் கடம் அனுப்புகிற ஊர் அல்லவா! கடை அப்படியே அடங்கிப்போயிற்று. சுவீடன்காரர்கள் தப்பு செய்தவனைத் திட்டமாட்டார்கள், பேச்சை நிறுத்திவிடுவார்கள். நாலு வசவு வாங்கினாலும் தேவலை என்றிருக்கும்.

கல்லாவில் இருந்த அம்மாள் எழுந்து வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் குவளையை வாங்கி, உள்ளங்கையில் நிறுத்தி, நகத்தால் தானும் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்தார். சூளையிலிருந்து எடுத்ததும் இவர்களும் இப்படித்தான் பார்ப்பார்களாம். கீறல் விழுந்திருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். பிறகென்ன, இரண்டு பேரும் அந்த அலமாரியையே தட்டித் தீர்த்தோம். இந்த வகையை 1,250 டிகிரி வாக்கில் சுடுகிறார்களாம். நம்ம பானை அத்தனை சூடு கண்டதில்லை. அதனால்தான் லேசாகக் கசிந்து தண்ணீர் குளிர்கிறது. இது கல்லாக இறுகிவிடும், சொட்டுக்கூடக் குடிக்காது. தண்ணீர் குளிரவில்லையே என்ற கவலை இவர்களுக்கு ஏது, வாசலில் வைத்தால் போதாதா?

அந்த அம்மாள் குவளையை என் கையில் ஒரு மாதிரி திருப்பிக் கொடுத்தார். பக்கவாட்டில் ஒரு குழி. கட்டைவிரல் பொருந்தி உட்கார்ந்தது. பிசைந்தவருடைய விரல் அழுந்திய இடம். பிடிகொழுக்கட்டையில் உன் ஐந்து விரலும் பதிந்திருக்குமே, அதேதான். சின்ன வயதில் நான் அந்தத் தடத்தில் என் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தின்பேன். இங்கே அந்தத் தடத்துக்குத்தான் விலையே.

எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. போன கோடையில் ஸ்மோலாந்து பக்கம் போய் ஊதுகிறதைப் பார்த்தோம் இல்லையா? அங்கே கோஸ்தா என்று ஒரு தொழிற்சாலை, 1742-ல் தொடங்கியது. கொஸ்குல், ஸ்தால் என்று இரண்டு ஜெனரல்கள், ஆளுக்குக் கொஞ்சம் எழுத்தைக் கொடுத்து வைத்த பேர். நம்ம ஆட்கள் பெரியப்பா பேரையும் சித்தப்பா பேரையும் ஒட்டி மளிகைக் கடைக்கு வைப்பதில்லையா? கண்ணாடிக் குழம்பு உன் அதிரசப் பாகு மாதிரி, பதம் தப்பினால் போயிற்று. குழலைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் தொங்கிவிடும். ஊதி முடித்ததையும் சட்டென்று ஆறவிடாமல், இன்னொரு அடுப்பில் வைத்து மெல்ல மெல்லச் சூட்டை இறக்குகிறார்கள், இல்லையென்றால் வெடித்துவிடும். பழைய காலத்தில் நாடோடிகள் அந்த வெக்கையில் ராத்தூக்கம் போடுவார்களாம். அதே சூட்டில் சுட்ட மீனை இன்றைக்கும் விருந்தாகப் போடுகிறார்கள். நம்ம மத்திக்கு ஒன்றுவிட்ட தம்பி. காரம்தான் கிடையாது.

நீ நினைப்பது தெரிகிறது. தங்கக் கோடு போட்ட கப் வாங்காமல் இதையா வாங்கினான்? உனக்குத் துணைக்கு இங்கேயும் ஆள் உண்டு. 1917-ல் வில்ஹெல்ம் கோகே என்ற ஓவியர் குஸ்தாவ்ஸ்பெர்க் பீங்கான் ஆலைக்காக, தொழிலாளி வீட்டுக்கென்றே எளிமையாக, நீலப் பூப் போட்டு ஒரு செட் வரைந்தார். தொழிலாளிகள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பளபளப்பு வேண்டும் என்றார்கள். வாங்கிக்கொண்டு போனதெல்லாம் வசதியான, படித்த வீட்டுக்காரர்கள். நம் ஷோகேஸில் மாப்பிள்ளை வீட்டார் வந்தால் மட்டும் இறங்குகிற அந்த ஆறு கப்பும் நினைவுக்கு வந்தன.

ஐம்பது வயதுக்காரருக்கு ஒரு கண்ணாடிக் கூஜா எடுத்தேன். கழுத்தில் டம்ளரைக் கவிழ்த்தால் அதுவே மூடி. ரயில் பயணத்துக்கு நீ எடுத்துவருவாயே, அந்தப் பித்தளைக் கூஜாவின் வெள்ளைக்கார வடிவம். அடியில் குழலிலிருந்து அறுத்த தழும்பு, தொப்புள் மாதிரி. அத்தோடு வெளியே வந்திருக்கலாம். கட்டைவிரல் அந்தக் குழியை விட்டு வரவில்லை. குவளையையும் வாங்கிவிட்டேன்.

இன்று காலை அதில் ஃபில்டர் காபி ஊற்றினேன். பிடியில்லாத குவளை, கொதிக்கிற காபி. குழியில் கட்டைவிரலை வைத்த மறு நொடி அலறிவிட்டேன். "புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதை" என்று சொல்லிவிட்டு உன் மருமகள் டவரா டம்ளரை எடுத்து நீட்டினாள். குவளை இப்போது அடுப்புக்குப் பக்கத்தில், கல் உப்போடு இருக்கிறது. எடுக்கிற கைக்கு வாகாகத்தான் இருக்கிறது.

விலையை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதே.

அடடா, மூக்குக் கண்ணாடியை நீ இன்னும் மாற்றியிருக்காவிட்டால் இதை உனக்கு வாசித்துக் காட்டுவது அவராகத்தானே இருக்கும்? அப்பா, அது 45 குரோனர். ஒரு சைபர் கை தவறி விழுந்துவிட்டது.

அன்பு மகன்