பொங்குமுன் நிலை: அடுப்புப் பாலும் அகத்து அமைதியும் குறித்த ஓர் ஆராய்ச்சி

1. எல்லையும் கருதுகோளும்

மன ஒருமையை ஆராய்ந்தோர் மலை, குகை, ஆற்றங்கரை, ஆலமரத்தடி ஆகிய இடங்களைப் பற்றி விரிவாக எழுதிவைத்திருக்கின்றனர். எரிவாயு அடுப்பின் சிறிய பர்னரை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. ஆயினும் நாள்தோறும் விடியற்காலையில், வயது வந்த மனிதர் ஒருவர் வேறொன்றும் செய்யாமல், செய்யவும் முடியாமல், ஒரு பாத்திரத்தின் வாயையே நோக்கி நிற்கும் அரிய காட்சி அங்கேதான் நடைபெறுகிறது. அதை இக்கட்டுரை ‘பால் பார்த்தல்’ என்று வழங்கும். மனத்தை இக்கணத்தில் நிறுத்த வகுக்கப்பட்ட முறைகளுள் பால் பார்த்தலே தலையாயது என்பதும், அதில் விளையும் அமைதி அமைதியைத் தேடாதவருக்கே கிட்டும் என்பதும் இங்கே நிறுவப்படும். பால் திரிதல், பால்காரர் வராமை, உறை ஓட்டையாக இருத்தல் ஆகிய மூன்றும் மனித முயற்சிக்கு அப்பாற்பட்டவை ஆதலால் ஆய்வு எல்லைக்கும் அப்பாற்பட்டன.

2. பாலின் இயல்பு

தண்ணீர் வெளிப்படையானது. சூடேறினால் குமிழியிடும், சலசலக்கும், எவ்வளவு கொதித்தாலும் பெரும்பாலும் பாத்திரத்துக்குள்ளேயே கிடக்கும். பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு அந்தத் தண்ணீர்தான். ஆயினும் எஞ்சியுள்ள சிறு பங்கு அதன் குணத்தையே மாற்றிவிடுகிறது. சூடு ஏற ஏறப் புரதமும் கொழுப்பும் மேற்பரப்பில் கூடி ஆடையாகப் படிகின்றன. அடியில் பிறக்கும் நீராவிக் குமிழிகளைப் புரதம் உடையவிடாமல் போர்த்துகிறது. ஆடையோ வெளியேற வழிவிடாமல் மூடுகிறது. நீர் ஆவியானால் முன்பிருந்ததைப் போல் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். கேட்ட இடம் கிடைக்காத ஆவி, ஆடையையும் தூக்கிக்கொண்டு எழுகிறது. ஆவின் நீல உறையில் கொழுப்பு 3 விழுக்காடு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6 என வேறுபட்டாலும், பொங்கும் விஷயத்தில் மூன்றும் ஒரே கொள்கை உடையவை.

இதன் விளைவு ஆய்வாளர் கவனத்துக்குரியது. நடுத்தரத் தீயில் வைத்த அரை லிட்டர் பால், பல நிமிடங்களுக்கு எதையும் காட்டிக்கொள்ளாது; பிறகு சில நொடிகளில் எல்லாவற்றையும் காட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே ஓரத்தில் நுரை கட்டும், ஆடை சுருங்கும், நடுவில் மெல்லிய மேடு ஒன்று எழும். இந்தக் குறுகிய இடைவெளியே ‘பொங்குமுன் நிலை’. அடுப்பை அணைக்க உரிய முகூர்த்தம் இது ஒன்றே. இதைக் கண்ணால் அன்றி அறிய இயலாது. காதுக்கு எட்டும்போது காரியம் முடிந்திருக்கும். மூக்குக்கு எட்டும்போது அடுப்பே அணைந்திருக்கும்.

3. முன்னோர் கண்டவை

பால் பார்த்தலை நேரே ஆராய்ந்த முன்னோர் இலர். அருகில் வந்து திரும்பியோர் சிலர் உளர். காஞ்சிபுரத்திலிருந்து சீனம் சென்றவர் என்று தமிழர் போற்றும் போதிதருமர், ஒன்பது ஆண்டுகள் சுவரை நோக்கி அமர்ந்திருந்தார் என்பது மரபு. அவரது உறுதியை இக்கட்டுரை வணங்குகிறது. கருவியைப் பற்றியே ஐயம் எழுகிறது: சுவர் பொங்காது. மூன்றாம் ஆண்டு முழுவதும் அவர் மனம் காஞ்சிபுரத்திலேயே உலவியிருந்தாலும், அதை அவருக்குத் தெரிவிக்கச் சுவரிடம் வழியில்லை. 1979-இல் ஜான் கபாட்-சின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில், ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று உண்ணும் பாடம் புகழ்பெற்றது. திராட்சையும் சுவரின் இனமே. கவனியாமல் விழுங்கினாலும் இனிக்கத்தான் செய்யும். அடுக்களைக்கு மிக அருகே வந்தவர் ஜப்பானிய ஜென் ஆசான் டோகன். 1237-இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே நெறிநூல் எழுதி, அரிசி களையும்போது மனம் அரிசியிலேயே இருக்க வேண்டும் என்றார். அரிசி வரை வந்தவர் பாலைத் தொடாமல் போனது, அக்கால ஜப்பானில் பால் பெருவழக்கில் இல்லாமையால் எனக் கொள்க.

இம்மூவரையும் ஒப்பிட்டால், கவனத்தைப் பழக்கும் கருவிக்கு மூன்று இலக்கணம் பெறப்படும். பார்க்கப்படும் பொருள் பார்ப்பவருக்குப் புறத்தே இருக்க வேண்டும். அதற்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். கவனம் தவறினால் மறைக்க முடியாதபடி தெரிய வேண்டும். சுவர் முதலாவதை மட்டும் நிறைவு செய்கிறது. திராட்சை முதல் இரண்டை நிறைவு செய்கிறது. மூன்றும் ஒருங்கே அமைந்தது பால். அடுப்பில் வழிந்து, பர்னர் துளைகளை அடைத்து, மேடையில் ஓடி, வீடு முழுவதும் தீய்ந்த வாசம் பரப்பும் பாலை யாரும் ‘என் பயிற்சி நன்றாகத்தான் போகிறது’ என்று சொல்லி மறைக்க முடியாது.

4. மறதியா, கணக்கா?

பால் பொங்கிய வீடுகளில் கிடைக்கும் வாக்குமூலம் பெரும்பாலும் ஒன்றே: “மறந்துட்டேன்.” இது ஏற்கத்தக்கதன்று. இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி ரேடார் திரையை நோக்கியிருந்த பிரிட்டிஷ் விமானப்படையினர், நேரம் ஆக ஆகத் திரையில் தோன்றிய குறிகளைத் தவறவிட்டனர். காரணம் காணப் புகுந்த நார்மன் மேக்வொர்த், நொடிக்கு ஒரு படி நகரும் முள் ஒன்றை அமைத்தார். அது எப்போதாவது இரண்டு படி தாவும். தாவியதைக் கண்டு சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரக் காவலில், முதல் அரை மணி கழிந்ததும் தவறுகள் கூடின என்று 1948-இல் அவர் வெளியிட்டார். அரை லிட்டர் பாலுக்கு அரை மணி தேவையில்லை. பத்து நிமிடமே அதிகம். ஆகவே கண் களைத்தது, கவனம் தளர்ந்தது என்ற வாதம் பால் வழக்கில் செல்லாது.

அவ்வாறாயின் பால் ஏன் பொங்குகிறது? பார்த்தவர் இடத்தை விட்டு அகன்றதால். ஏன் அகன்றார்? “இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு” என்று கணித்ததால். அந்த இரண்டு நிமிடத்தில் செய்தித்தாளின் தலைப்பை மட்டும் பார்க்கலாம், கைப்பேசியில் வந்த ஒரே ஒரு செய்தியை மட்டும் படிக்கலாம் என்று மனம் திட்டமிடுகிறது. திட்டமிட்ட அந்நொடியே அது அடுப்படியை நீங்கி, இன்னும் வராத பொழுதில் குடியேறிவிடுகிறது. எனவே பால் பொங்குவது மறதியால் அன்று, கணக்கால். நிகழ்வதைக் காண்பதை விட்டு நிகழப்போவதைக் கணிப்பதே கவனச் சிதைவின் வேர் என்பது இவ்வாய்வின் முதன்மை முடிபு. கணக்கில் தேர்ந்தவர் வீடுகளிலும் பால் பொங்குவது இதனால் விளங்கும்.

இக்கணக்கைச் சமாளிக்க மூன்று மார்க்கங்கள் தோன்றியுள்ளன. பாத்திரத்தின் குறுக்கே கரண்டி வைப்போர் கரண்டி மார்க்கத்தார். பொங்கி எழும்போது ஒரு கை தண்ணீர் தெளிப்போர் தெளிப்பு மார்க்கத்தார். சிம்மில் வைத்துவிட்டுப் போவோர் சிம் மார்க்கத்தார். கரண்டி சற்றுத் தாமதப்படுத்தும், தடுக்காது. தெளிப்பவர் அருகில் நின்றே ஆக வேண்டும் ஆதலால் அவரைப் பால் பார்ப்போருள் ஒருவராகவே கொள்ளலாம். சிம் மார்க்கமே பேரிடர் விளைப்பது. அது பத்து நிமிடத்தை அரை மணியாக நீட்டி, மேக்வொர்த் கண்ட தளர்ச்சிக்கும் தானே வழிகோலுகிறது. சிம்மில் வைத்த பால் பொங்காது என்பது கொள்கை. பொங்கும் என்பது அனுபவம்.

5. அமைதியின் பிறப்பிடம்

கவனம் பிறப்பதை ஒப்பினும் அமைதி எங்கிருந்து வரும் என்று கேட்பின், விடை பால் பார்ப்பவரின் சமூக நிலையில் உள்ளது. தமிழ்க் குடும்பத்தில் எந்த வேலையையும் தள்ளிப்போடக் காரணம் சொல்ல வேண்டும். சொன்ன காரணம் விசாரணைக்கு உட்படும். “அடுப்புல பால் இருக்கு, அப்புறம் பேசறேன்” என்ற காரணம் மட்டும் விசாரிக்கப்படுவதில்லை. மாமியார், மேலதிகாரி, சம்பந்தி, கடன் கொடுத்தவர் எவராயினும் உடனே “சரி சரி, போய்ப் பாருங்க” என்பார். வெளியார்க்குச் சொல்லும் இவ்விடையை மனம் தன் கவலைகளுக்கும் சொல்லிவிடுகிறது. பிள்ளையின் மதிப்பெண், மாதத் தவணை, முழங்கால் வலி ஆகியவை அடக்கப்படவில்லை, மறக்கப்படவும் இல்லை. வாய்தா பெற்று வெளியே நிற்கின்றன. வாய்தா பத்து நிமிடந்தான் என்று அவற்றுக்கும் தெரியும் ஆகையால் முரண்டு பிடிப்பதில்லை.

தியான மண்டபத்தில் இவ்வசதி இல்லை. அங்கே பார்ப்பவரும் பார்க்கப்படுவதும் ஒருவரே ஆதலால், ‘அமைதி வந்துவிட்டதா?’ என்ற கேள்வி ஓயாது எழுந்து, வரவிருந்த அமைதியை வாசலிலேயே நிறுத்தி விசாரிக்கிறது. பால் பார்ப்பவரோ தம்மைப் பற்றி ஒன்றும் கேட்டுக்கொள்வதில்லை. அவர் காப்பது பாலை, தம் மனத்தை அன்று. பிறிதொன்றைக் காக்கும் வேளையில் மனம் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலையிலிருந்து விடுபடுகிறது. அந்த விடுதலையே அமைதி எனப்படுவது.

6. தடைகளும் விடைகளும்

‘இது அமைதியன்று, பொங்கிவிடுமோ என்ற அச்சமே’ என்பாரும் உளர். அற்றன்று. அஞ்சுபவர் பால் வெதுவெதுப்பானதும் அணைத்துவிடுவார். பச்சை வாசம் அடிக்கும் காப்பியே அதற்குச் சான்று. பொங்குமுன் நிலை வரும்வரை கைநீட்டாமல் நிற்பவரிடம் அச்சம் இருக்க இடமில்லை. மேலும் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரைக் கைப்பேசி வழியே அவ்வப்போது வினவியதில் 46.9 விழுக்காடு வேளைகளில் மனம் செய்யும் வேலையில் இல்லை எனக் கண்டனர். அலைந்த மனம் இனிய நினைவுகளில் உலவியபோதும், வேலையில் நிலைத்த மனத்தைவிட மகிழ்ச்சியாக இல்லை. ஆதலின் பாலை விட்டு நீங்கியவர் இன்பம் தேடிப் போனாரேனும் பெற்றாரல்லர், பாலும் இழந்தார்.

‘உறைப்பாலைக் காய்ச்சவே தேவையில்லை, காய்ச்சினும் பால் குக்கர் உண்டே’ என்பது அடுத்த தடை. பதப்படுத்தும் நிலையத்தில் பால் 72 டிகிரி செல்சியசில் 15 நொடி சூடாக்கப்பட்டே வருகிறது என்பதும், குளிர் விடாமல் வைத்திருந்தால் அது போதும் என்பதும் உண்மையே. ஆனால் காய்ச்சாத பாலில் காப்பி போட ஒப்பும் வீடு எது? பால் குக்கரோ இரட்டைச் சுவருக்கிடையில் தண்ணீர் வைத்து, பாலைக் கொதிநிலைக்குச் செல்லவிடாமல் தடுத்து, நீர் கொதித்ததும் ஊதி அழைக்கிறது. அது பாலைக் காக்கிறது, பார்ப்பவரை வேலையிலிருந்து நீக்குகிறது. நீக்கப்பட்டவர் மிஞ்சிய நேரத்தில் மன அமைதிக்கான செயலியைத் தரவிறக்கி, அது மணியடிக்கும்போது கண்மூடி அமர்கிறார். ஊதலை அணைக்க வேறொருவர் ஓட வேண்டியிருக்கிறது.

‘தைப்பொங்கலிலும் புதுமனை புகுவிழாவிலும் பால் பொங்கி வழிவதையே மங்கலம் என்கிறோம், வழிந்தால் தோல்வி என்பது மரபுக்கு முரண்’ என்பார் மூன்றாமவர். இதுவே நம் கோட்பாட்டுக்கு வலிமையான சான்று. அந்நாளில் குடும்பம் முழுவதும் பானையைச் சூழ்ந்து நிற்கிறது. எந்தத் திசையில் முதலில் வழிகிறது என்றுகூட உற்று நோக்குகிறது. யாரும் பார்க்காதபோது வழிவது விபத்து. எல்லாரும் பார்க்கும்போது வழிவது விழா. பால் இரண்டிலும் ஒன்றுதான் செய்கிறது. மங்கலம் பார்வையில் உள்ளது.

நான்காம் தடை கனமானது. ‘அடுப்படியில் நிற்பவர் பெண். அவர் பளுவுக்குத் தத்துவப் பூச்சு பூசுகிறீர்’ என்பது. 2019-இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அவ்வேலையில் ஈடுபட்ட ஆண்களே நால்வருள் ஒருவர் அளவுதான். தடையை முழுதும் ஏற்கிறோம். ஏற்பதால் கோட்பாடு கூர்மை பெறுகிறது. ஒரு பர்னரில் பால், மறுபர்னரில் சாம்பார், கையில் சாப்பாட்டு டப்பா, கூடத்திலிருந்து ‘என் சாக்ஸ் எங்கே?’ என்ற வினா, இவற்றினிடையே நிற்பவர் பால் பார்ப்பவர் அல்லர். நான்கு காவல்களை ஒருங்கே நடத்துபவர். புறப்பொருள் ஒன்றாக இருந்தால்தான் அமைதி விளையும். அத்தகைய ஒன்றை மட்டும் பார்க்க ஓய்வுள்ளவர் கூடத்தில் நாளிதழோடு அமர்ந்திருக்கிறார். “பாலைக் கொஞ்சம் பாத்துக்கோங்க” என்று அவருக்கு அன்றாடம் தரப்படும் உபதேசத்தை அவர் வேலை என்று தவறாகப் புரிந்துகொண்டு, ‘ம்’ கொட்டி இழந்துவருகிறார்.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், கவனம் என்பது வரப்போவதைக் கணக்கிடாமை என்பதும், அமைதி என்பது பிறிதொன்றைக் காக்கும்போது தானே விளைவது என்பதும், இவற்றைப் பெறக் கட்டணமோ மலைவாசமோ வேண்டா என்பதும் பெறப்பட்டன. ஒரே எச்சரிக்கை எஞ்சுகிறது. இம்முடிபுகளை ஏற்றுக்கொண்டு, அமைதி பெறும் நோக்கத்தோடு அடுப்படிக்குச் செல்பவருக்கு அது கிட்டாது. அவர் பாலைப் பார்ப்பதுபோல் நின்று தம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாலுக்கு அந்த வேறுபாடு தெரியும். ஆகவே இக்கோட்பாடு உண்மையாயினும் கடைப்பிடிக்க உதவாது. காப்பி வேண்டும் என்ற எண்ணத்தோடு மட்டும் செல்பவரே இதன் முழுப்பயனையும் அடைவார். அவருக்கு இக்கட்டுரை தேவையில்லை.