திண்டுக்கல் பூட்டும் டாக்டர் சம்பளமும்: ஓர் ஆய்வு

அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளாத ஒரு கேள்வி: மாதம் மூன்று லட்சம் வாங்குகிறவர் கையில் ஏழாம் தேதி ஏன் காசு இருப்பதில்லை? ஆய்வுக்களம் திண்டுக்கல். ஆய்வுக்கு உட்பட்டவர் ஒரே ஒருவர். எலும்பு டாக்டர், என் அக்கா வீட்டுக்காரர். ஒரு ஆளை வைத்து ஆய்வா என்று கேட்பவர்களுக்கு அக்கா இல்லை என்று கொள்க.

கருதுகோளை ஊரே கொடுத்தது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் சூட்சுமம் உள்ளே இருக்கும் லீவர்களில். லீவர் கூடக் கூடத் திருடன் திணறுவான். டாக்டர் பணத்தில் திணறுவது சொந்தக்காரரே.

இனி வகைப்பாடு. முதலாவது மாங்காய்ப் பூட்டு, அதாவது பிபிஎஃப். வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை உள்ளே போகும். முழுசாகத் திறக்க 15 வருஷம். வட்டி 7.1 சதவீதம், அதற்கு வரி இல்லை. இரண்டாவது, சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் மணிப்பூட்டு: வீட்டுக்கடன். ஐந்தாம் தேதி விடியற்காலையில் தவணை போன குறுஞ்செய்தி அடிக்கிற மணியில்தான் அக்கா பால் காய்ச்ச எழுகிறாள். மியூச்சுவல் ஃபண்டுக்கான எஸ்ஐபி தவணை போவதும் அதே தேதியில். மூன்றாவது, சிறுமலை அடிவாரத்தில் ரெண்டு ஏக்கர். இதற்குச் சாவியே கிடையாது. வாங்குகிறவன் வந்து கதவைத் தட்டினால்தான் உண்டு. நான்காவது நகை. சாவி அக்காவின் இடுப்பில். மேற்கொண்டு ஆராய எனக்குத் துணிவில்லை.

சிக்கல் இனிமேல்தான். இவற்றில் பாதி, வருமான வரிக்குப் பயந்து 80சி பிரிவை நம்பிப் போட்டவை. டாக்டர் புதிய வரி முறைக்கு மாறிவிட்டார். அதில் 80சி கழிவு இல்லை. குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கும் கழிவு இல்லை. கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், நிலையில் பூட்டு மட்டும் தொங்குகிறது.

கடனுக்கு அவர் கட்டுவது எட்டரை வட்டி. மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் எட்டரை கொடுத்துக்கொண்டே 7.1-க்குப் போடுவது ஏன்? பிரியாணிக் கடையில் இலை போட்டதும் கேட்டேன்.

"கடனை அடைச்சிரலாம் மாப்ளே. நாளைக்கு சொந்தமா கிளினிக் போட்டு எக்ஸ்ரே மெஷின் வாங்கணும்னா எட்டரைக்கு எவன் தருவான்? வீட்டுக்கடன் மாதிரி மலிவான கடன் கிடையாது."

நியாயமான வாதம், ஆய்வாளர் எதிர்பார்க்கவில்லை. "சரி மாமா, மெஷின் வாங்குற அன்னைக்கு அந்த பிபிஎஃப் திறக்குமா?" என்று கேட்பதற்குள் சீரகச் சம்பா ஆவி பறக்க வந்துவிட்டது. டாக்டர் தால்சாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இந்த இடத்தில் ஆய்வு அரை மணி நேரம் தடைப்பட்டது.

பில் வந்தது. டாக்டர் ஜிபே தட்டினார், போகவில்லை. சிக்னல் என்றார். வாசலுக்குப் போய் நின்று மறுபடி தட்டினார். போதிய இருப்பு இல்லை என்று வந்தது. அன்று தேதி ஏழு.

ரெண்டு மட்டன் பிரியாணி, ஒரு சுக்கா, 780 ரூபாய். கொடுத்தது, பிரூஃப் திருத்திப் பிழைக்கும் இந்த ஆய்வாளர்.