பாடம் வேண்டாம், பையைக் கொடுங்கள்

பெறுநர்: இந்திய கால்ஃப் சங்கம், புது டெல்லி.

பொருள்: கிளப் உறுப்பினர்களின் ஆட்டம் நிரந்தரமாக முன்னேற, அவர்களையே ஆறு மாதம் மட்டைப் பை தூக்க வைப்பது குறித்து.

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து எழுதுகிறோம்.

கால்ஃப் பற்றிப் பேச ஆரப்பாளையத்துக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இது தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ் ஏறுகிற இடம். இங்கே யாரிடமாவது பதினெட்டுக் குழி என்று சொன்னால், மழைக்கு மறுநாள் ரோட்டை எண்ணிவிட்டு வந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் கொடைக்கானல் பஸ்ஸும் இங்கிருந்துதான் புறப்படுகிறது. அங்கே தூண் பாறைக்குப் போகும் வழியில், 1895இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கால்ஃப் கிளப் இருக்கிறது. அந்த மலையில் முதல் பங்களாக்களை 1845இல் கட்டியவர்கள் மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷன்காரர்கள். எங்கள் வெயிலையும் காய்ச்சலையும் தாங்க முடியாமல் மேலே ஏறியவர்கள். ஆகவே மதுரை வெயில் இல்லாவிட்டால் அந்தக் கோடை வாசஸ்தலமும் இல்லை, அந்தப் புல்தரையும் இல்லை. இந்தத் தூரத்து உறவை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறோம். பயப்பட வேண்டாம், ஆரப்பாளையத்துக்கு கால்ஃப் வகுப்பு நடத்துங்கள் என்று கேட்க வரவில்லை. வகுப்பு என்பதே பெரும்பாலும் வீண் செலவு என்று உங்கள் விளையாட்டின் வரலாறே சொல்கிறது. அதை உங்களுக்கு எடுத்துக்காட்டி, உங்கள் உறுப்பினர்களின் பணத்தை மிச்சப்படுத்தத்தான் இந்தக் கடிதம்.

வகுப்பு எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உறுப்பினர் கூடை நிறையப் பந்து வாங்குகிறார். கோச் அவர் கைப்பிடியைத் திருத்துகிறார், தோளைத் திருப்புகிறார், முழங்காலை மடக்கச் சொல்கிறார், ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வாக்கியம் சொல்கிறார். ஒரே இடத்தில் நின்று ஒரே மட்டையால் அடித்த கடைசிப் பத்துப் பந்துகள் நேராகப் போகின்றன. இருவருக்கும் சந்தோஷம். சனிக்கிழமை மைதானத்தில் இறங்கியதும் முதல் பந்து வலது பக்கத்து மரத்துக்குள் போகிறது. அடுத்த வாரம் அடுத்த வகுப்பு. இந்த உண்மையை உங்கள் விளையாட்டு எவ்வளவு பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதற்கு, ஆட்டக்காரரின் தரத்தை அளக்கும் ஹேண்டிகேப் கணக்கே சாட்சி. 2020இல் உலகம் முழுவதற்கும் பொதுவாக வந்த முறைப்படி, ஒருவர் கடைசியாக ஆடிய 20 சுற்றுகளில் நன்றாக அமைந்த 8 மட்டும் கணக்கில் சேரும். மீதிப் பன்னிரண்டு நடக்காத மாதிரி. எங்கள் பகுதிப் பத்தாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் பெயிலாகிவிட்டு, தமிழ் மார்க்கை மட்டும் பாருங்கள் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது ஆதாரத்துக்கு வருவோம். இந்தியன் ஓப்பன் போட்டி 1964இல் தொடங்கியது. அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர். 1991இல் வென்று, தற்செயல் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பது போல 1993இல் மறுபடி வென்றார். அவர் டெல்லி கால்ஃப் கிளப்பில் மற்றவர்களின் பையைத் தூக்கி வளர்ந்தவர். 2009இல் வென்ற பெங்களூரு முனியப்பாவும் பை தூக்கியவர்தான். 2013இல் வென்ற வங்கதேசத்து சித்திகுர் ரஹ்மான், டாக்காவின் குர்மிடோலா மைதானத்தில் பந்து பொறுக்கும் சிறுவனாக நுழைந்தவர். 2016இலும் 2017இலும் அடுத்தடுத்து வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா, ராயல் கல்கத்தா கால்ஃப் கிளப்பில் புல்தரையைப் பராமரித்தவர். மகன் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். குழிக்குப் பக்கத்துச் சின்ன அடிகளில் அவருக்கு இணையாக நாட்டில் ஆளில்லை என்ற பெயரும் வாங்கினார். ராயல் கல்கத்தா 1829இல் தொடங்கியது. இத்தனை தலைமுறை உறுப்பினர்கள் அங்கே எத்தனை வகுப்பு எடுத்திருப்பார்கள்! கோப்பை கடைசியில் புல் வெட்டுபவர் வீட்டுக்குப் போயிற்று.

இது ஏதோ இந்திய ஏழ்மையின் விசித்திரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்காவின் பென் ஹோகன் 1957இல் ஐந்தே பாடங்களில் கால்ஃபைச் சொல்லித் தரும் புத்தகம் வெளியிட்டார். அது இன்றும் விற்கிறது. அந்த ஹோகன் சிறுவனாக டெக்சஸின் கிளென் கார்டன் கிளப்பில் பை தூக்கினார், கூடவே பைரன் நெல்சனும். கற்பிப்பதில் உலகப் புகழ் பெற்ற ஹார்வி பெனிக்கும் ஆஸ்டின் கிளப்பில் பை தூக்கிய பையன்தான். அதேபோல் பை தூக்கிய லீ டிரெவினோ ஆறு பெரிய பட்டங்களை வென்றது தானாகக் கற்ற ஸ்விங்கால். பாடம் எழுதியவரும் பாடம் சொன்னவரும் பாடமே கேட்காதவரும் ஒரே பள்ளியிலிருந்து வந்திருக்கிறார்கள். அந்தப் பள்ளியின் சீருடை தோளில் ஒரு பட்டை.

ஏன் இப்படி என்பதற்கும் விடை இருக்கிறது. 1979இல் ஷே, மோர்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கையை மூன்று விதமான வரிசைகளில் நகர்த்தி, சிறு மரத் தடுப்புகளைத் தட்டிவிட வேண்டும். ஒரு குழு ஒரு வரிசையை முடித்த பிறகே அடுத்ததற்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து கலந்து பழகியது. பயிற்சியின்போது முதல் குழு வேகமாக இருந்தது. சில நாள் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். கலந்து பழகியவர்களின் கையில்தான் திறமை தங்கியிருந்தது. 1984இல் சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து இன்னொன்றைச் சொன்னார்கள்: ஒவ்வொரு முயற்சிக்கும் பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருந்தால், அந்த நேரத்துக்கு ஆட்டம் நன்றாக இருக்கும், திருத்துபவர் போனதும் சரியும். உங்கள் கூடைப் பந்து வகுப்பு இந்த இரண்டு தவறையும் ஒரே மணி நேரத்தில் காசு வாங்கிக்கொண்டு செய்கிறது. பை தூக்குபவருக்கோ இரண்டிலிருந்தும் விடுதலை. யாரோ கழித்துப்போட்ட ஒற்றை மட்டை, ஒரு பந்து, இருட்டுவதற்கு முன் கொஞ்ச நேரம், ஒவ்வொரு அடிக்கும் வேறு தரை. தவறை எடுத்துச் சொல்ல ஆளில்லை, பந்து போன இடமே சொல்கிறது. பகல் முழுக்க நூறு பேரின் ஸ்விங்கைப் பார்க்கிறார், தூரம் கணிக்கிறார், புல்லின் சாய்வைப் படிக்கிறார், தன் கணிப்பு தப்பினால் உறுப்பினரிடம் திட்டும் வாங்குகிறார். மூன்று வருடம் இதைச் செய்தவருக்குத் தெரிந்த கால்ஃப், முப்பது வருட உறுப்பினருக்குத் தெரிவதில்லை.

உங்கள் மறுப்பு எங்களுக்குக் கேட்கிறது. அது பழைய காலம். அனிர்பன் லாகிரி, சுபங்கர் சர்மா, அதிதி அசோக் எல்லாம் முறையான கோச் வைத்து வந்தவர்கள்தானே என்பீர்கள். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் லாகிரியின் அப்பா ராணுவ மருத்துவர், சர்மாவின் அப்பா ராணுவ அதிகாரி. ராணுவக் குடியிருப்புகளுக்குப் பக்கத்திலேயே மைதானம் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்த அதிதிக்கு பெங்களூரின் நடுவிலேயே கர்நாடக கால்ஃப் சங்கத்தின் மைதானம் இருந்தது, சின்னக் குழந்தையாக இருந்தபோதே உள்ளே விட்டார்கள். கோச் சொன்னது அவர்களுக்குத் தங்கியதென்றால், சொன்னதை மறுநாளும் அதற்கு மறுநாளும் அடித்துப் பார்க்கப் புல் இருந்ததால் தங்கியது. பெனிக் 1995இல் இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு படுக்கையில் கிடந்தபடியே பென் கிரென்ஷாவுக்குக் கடைசியாகப் பட்டிங் சொல்லிக்கொடுத்தார். அடக்கம் முடிந்த அதே வாரத்தில் கிரென்ஷா மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். ஒரே பாடத்தின் மகிமை என்று இதைச் சொல்வார்கள். கிரென்ஷா அவரிடம் சிறு பிள்ளையாகச் சேர்ந்தவர் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

மதுரையிலிருந்தே ஒரு மறுப்பு வரலாம், அதையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். சக்கிமங்கலத்து ரேவதி வீரமணி டோக்கியோவில் இந்தியாவின் கலப்பு தொடர் ஓட்டக் குழுவில் ஓடினார். பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியிடம் வளர்ந்த பெண். பயிற்சியாளர் கண்ணன் இல்லாவிட்டால் அவர் ஒலிம்பிக் பார்த்திருப்பாரா? பார்த்திருக்க மாட்டார். ஆனால் கண்ணன் செய்ததைக் கவனியுங்கள். வெறுங்காலோடு ஓடிய பெண்ணுக்கு ஷூ கிடைக்கச் செய்தார், லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க உதவினார், காசு வாங்காமல் பயிற்சி கொடுத்தார், தயங்கிய பாட்டியைச் சம்மதிக்க வைத்தார். ஓட்ட நுணுக்கம் அதோடு சேர்ந்து வந்தது. கதவைத் திறக்கிற கோச் வேறு, கதவுக்கு உள்ளே இருப்பவர்களின் முழங்காலைத் திருத்துகிற கோச் வேறு. உங்களிடம் இரண்டாவது வகை தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது.

ஆகவே எங்கள் திட்டம் இது. வகுப்புக்குப் பணம் கட்டும் ஒவ்வொரு உறுப்பினரும் ஆறு மாதம் பை தூக்க வேண்டும். பதினான்கு மட்டையும் குடையும் தண்ணீர் பாட்டிலும் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோ. பதினெட்டுக் குழிக்கும் நடந்தால் ஏழெட்டுக் கிலோமீட்டர். ஆடுபவர், இதுவரை அவருக்குப் பை தூக்கியவர். உறுப்பினர் தூரம் சொல்லலாம், மட்டையைத் துடைக்கலாம், பங்கர் மணலைச் சமப்படுத்தலாம். கேட்காமல் அறிவுரை சொல்லக் கூடாது. டீ குடிப்பது கிளப்பின் பின்பக்கம். வகுப்புக்குக் கட்டிய கட்டணம் ஆடுபவருக்குச் சேர வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு ஆசிரியர் அவர். உறுப்பினர் தனியாகப் பழக விரும்பினால், பல கிளப்புகளில் இப்போது பை தூக்குபவர்களுக்கு அனுமதித்திருப்பது போலவே, வாரத்தில் கிளப் மூடியிருக்கும் அந்த ஒரு நாள் வரலாம்.

கிளப்பின் கௌரவம் என்னாவது என்ற கவலை எழும். 2017இல் டெல்லி கால்ஃப் கிளப்பில், தன் மரபு உடையில் விருந்தினராக வந்த காசி இனப் பெண்ணை, வேலைக்காரி போல இருக்கிறார் என்று சாப்பாட்டு மேசையிலிருந்து எழுப்பினார்களே, அதைவிடக் கௌரவமான காட்சியாகத்தான் இது இருக்கும். தமிழ்நாட்டில் உங்களுக்கு இன்னும் வசதி. 2014இல் சென்னையில் கிரிக்கெட் சங்கத்து கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடாததால், வேட்டிக்கென்றே சட்டசபையில் ஒரு சட்டம் வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டினால் முழங்காலின் வளைவு எல்லோருக்கும் தெரியும். கோச்சுக்கு அந்த வேலையும் மிச்சம்.

தண்ணீர், நிலம் என்று அடுத்து இழுக்காதீர்கள். வெள்ளைக்காரர்களே வறண்ட ஊர்களில் புல்லுக்குப் பதிலாக மணலில் எண்ணெய் கலந்து உருட்டி, ‘பிரவுன்’ என்று பெயர் வைத்து அதில்தான் பந்தை உருட்டினார்கள். வைகைக் கரைக்காரர்களுக்குப் புல் இல்லாமல் ஆடத் தெரியும். மணல் மிச்சமிருக்கிறதா என்பதுதான் சந்தேகம். நிலத்துக்கு சென்னை கிண்டியைப் பாருங்கள். ரேஸ் கிளப் வைத்திருந்த சுமார் 160 ஏக்கர் அரசு நிலத்துக்கு 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகை, வருட வாடகை அறுநூற்றுச் சொச்சம் ரூபாய். ஓடுபாதைக்கு நடுவில் ஜிம்கானா கிளப்பின் கால்ஃப். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து சீல் வைத்தது. அந்த வாடகைக்கு ஆரப்பாளையத்தில் சைக்கிள் ஸ்டாண்டுகூடக் கிடைக்காது. மதுரையிலும் ரேஸ்கோர்ஸ் உண்டு, பெயரில். அங்கே இப்போது இருப்பது எம்.ஜி.ஆர் விளையாட்டரங்கம், 2025இல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் அங்கே நடந்தன. கிண்டியில் பூட்டு விழும் வரை காத்திருந்த உங்கள் கிளப்புகள், அரசு நிலத்தைத் திரும்ப எடுப்பதற்கு முன்பே அதில் பொதுமக்களை விட்டிருந்தால், அவர்களுக்காகப் பேச நாலு பேராவது இருந்திருப்பார்கள்.

உறுப்பினர்கள் பை தூக்கச் சம்மதிக்க மாட்டார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். அப்படியானால் அதைக் கைவிட்டு ஒன்றை மட்டும் செய்யுங்கள். சங்கத்தோடு இணைந்த கிளப்புகள், ஆள் வராத வார நாள் காலைகளில், பை தூக்குபவர்களின் பிள்ளைகளையும் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளையும் கட்டணமில்லாமல் ஆட விட வேண்டும். எத்தனை பேர் ஆடினார்கள் என்பதை வருடா வருடம் வெளியிட வேண்டும். இதற்குப் பயிற்சியாளர் வேண்டாம், மானியம் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். அது எந்தத் தேதியில் வரும் என்று மட்டும் பதில் எழுதுங்கள்.