உள்ளே தேயும் டயர்: தாழ்த்திய கார்கள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: காரைத் தாழ்த்திய பிறகு டயரின் உள்பக்கம் மொட்டையாகிவிட்டது, வெளிப்பக்கமோ புதுமாப்பிள்ளை போல இருக்கிறது. ஒரே டயருக்குள் ஏன் இந்தப் பாரபட்சம்?

பதில்: தாழ்த்துதல் என்பது காரின் உடற்பகுதியைச் சில சென்டிமீட்டர் கீழே இறக்குவது மட்டுமே என்று தோன்றினாலும், சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்களுக்கு அது முற்றிலும் வேறொரு நிலை. சாதாரணக் கார் வேகத்தடையில் மோதும்போது கணநேரம் மட்டும் சஸ்பென்ஷன் மேலே அமுங்கி நிற்கும் அந்த நிலையில், தாழ்த்திய கார் நின்றாலும் ஓடினாலும் நாள் முழுவதும் இருக்கிறது. அப்போது இரண்டு கோணங்கள் மாறுகின்றன. முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது கேம்பர். சக்கரத்தின் மேற்பகுதி காரை நோக்கிச் சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். மேலிருந்து பார்க்கையில் சக்கரம் நேர்த்திசையிலிருந்து எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது டோ. இரு சக்கரங்களின் முன்விளிம்புகளும் ஒன்றையொன்று நெருங்கினால் டோ-இன், விலகினால் டோ-அவுட். நெகட்டிவ் கேம்பரும் டோ-அவுட்டும் உள்விளிம்பையே வாட்டுபவை என்பதால், இரண்டும் சேர்ந்த காரில் டயரின் உள்பக்கம் இரட்டை வேலை பார்க்கிறது.

கேள்வி: எல்லாப் பழியையும் கேம்பர் மீது போட்டு, சாய்வைத் திருத்தும் கேம்பர் கிட்டும் வாங்கிப் பொருத்தியாயிற்று. டயருக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லையே?

பதில்: கேம்பர் கண்ணுக்குத் தெரிகிறது, டோ தெரிவதில்லை, அதனால்தான் பழி எப்போதும் கேம்பர் மீது விழுகிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் தீர்ப்பு மாறிவிடும். 2 டிகிரி சாய்ந்த, 195 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரில் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் வருகிறது. புதிய கார் டயரின் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடுபள்ளமான ரப்பர் பரப்பு, ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழமே கொண்டது என்பதால் இந்த 7 மில்லிமீட்டர் பயமுறுத்தத்தான் செய்கிறது. ஆனால் டயர் இரும்புச் சக்கரமல்ல. காரின் எடையில் அதன் பக்கச்சுவர் நெகிழ்ந்து கொடுப்பதால் வெளிவிளிம்பும் தரையைத் தொடுகிறது. அழுத்தம் மட்டுமே உட்பக்கம் கூடுகிறது. சாய்ந்திருந்தாலும் சக்கரம் தான் செல்லும் திசையிலேயே உருள்வதால், 1 முதல் 2 டிகிரி கேம்பர் ஏற்படுத்தும் தேய்மானம் மெதுவானது.

டோ அப்படியல்ல. சக்கரம் ஒரு திசையைப் பார்த்திருக்க, கார் அதை வேறொரு திசையில் இழுத்துச் செல்கிறது. அந்த வேறுபாடு முழுவதும் ரப்பர் தரையில் உரசுவதாகவே முடிகிறது. ஒரு சக்கரம், கோணங்களை அளந்து தரும் அலைன்மென்ட் சீட்டில் 10 நிமிடம் என்று குறிக்கப்படும் அளவுக்கு, அதாவது ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்குக்குத் திரும்பியிருந்தாலே, அது பார்க்கும் திசைக்கும் கார் செல்லும் திசைக்கும் இடையிலான விலகல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2.9 மீட்டராகச் சேர்கிறது. அரை டிகிரி என்றால் கிலோமீட்டருக்கு 8.7 மீட்டர். இந்தப் பக்கவாட்டு உரசலோடு நெகட்டிவ் கேம்பரின் கூடுதல் அழுத்தமும் உள்விளிம்பில் சேரும்போதுதான் டயர் வியப்பூட்டும் வேகத்தில் தேய்கிறது. ஆகவே கேம்பர் கிட்டுக்குப் பணம் கொடுக்கும் முன்பே டோவைச் சரிசெய்வதுதான் முறை. கிட்டைப் பொருத்திய பின் டோவை மறுபடி அளக்காமல் விட்டால், சக்கரத்தின் சாய்வை மாற்றிய அந்த வேலையே டோவையும் மாற்றியிருக்கும் என்பதால், நிலைமை முன்னைவிட மோசமாகவும் கூடும்.

கேள்வி: கருவி எதுவும் இல்லாமல், கையால் தடவியே நோயைச் சொல்லும் மெக்கானிக்குகள் வைத்தியர்களா, சோதிடர்களா?

பதில்: வைத்தியர்களே, அந்தச் சோதனைக்கு உறுதியான அடிப்படை உண்டு. பக்கவாட்டில் உரசும் டயரில் பட்டன்களின் ஒரு விளிம்பு மழுங்கி, எதிர்விளிம்பு கூராக நிற்கும். உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்நோக்கி ஓட்டும்போது வழுவழுப்பாகவும், உள்ளிருந்து வெளிநோக்கி ஓட்டும்போது அரம்போல உறுத்தியும் இருந்தால் டோ-இன் மிகுதி. இது தலைகீழாக இருந்தால் டோ-அவுட் மிகுதி. எந்தத் திசையில் தடவினாலும் உறுத்தாமல், உள்பக்கம் சீராகச் சரிந்து மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். சுற்றளவு நெடுகிலும் இடைவெளி விட்டுக் குழிகுழியாகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்டை விட்டு ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும்.

தாழ்த்திய காரில் டயரின் உள்பக்கம் ஃபெண்டருக்குள் மறைந்திருப்பதால், வெளிப்பக்கப் பட்டனைப் பார்த்து நிம்மதியடைவது உயிருக்கே ஆபத்தாகலாம். முன்சக்கரத்தை ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பிப் பார்த்துவிடலாம். பின்சக்கரத்துக்கு அந்த வசதி இல்லை என்பதால், செல்பேசியை அதன் பின்னால் தரையோடு நீட்டிப் படம் எடுத்துப் பார்ப்பதே எளிய வழி. ரப்பருக்கு நடுவே மெல்லிய எஃகுக் கம்பி மின்னுவது படத்தில் தெரிந்தால், அந்த டயரில் அடுத்த தெருவுக்குக்கூடக் காரை ஓட்டக் கூடாது.

கேள்வி: ஒரே அளவு தாழ்த்தினாலும் பழைய சிவிக் சாய்ந்து நிற்கிறது, போலோ அவ்வளவாகச் சாய்வதில்லை. சிவிக்குக்கு மட்டும் என்ன வருத்தம்?

பதில்: வேறுபாடு சஸ்பென்ஷனின் பிறப்பிலேயே இருக்கிறது. 1987இல் வெளிவந்த நான்காம் தலைமுறை முதல் 2000 வரை ஹோண்டா சிவிக்கில் நான்கு சக்கரங்களுக்கும் இருந்தது டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலே ஓர் ஆர்மும் கீழே ஓர் ஆர்மும் பிடித்துக்கொள்ளும் அமைப்பு. மேல் ஆர்ம் குட்டையானது என்பதால் அதன் நுனி சிறிய வட்டத்தில் சுழல்கிறது. கார் தாழத் தாழ அது சக்கரத்தின் தலையை உள்ளே இழுக்கிறது. வளைவில் உடற்பகுதி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் தரையில் தட்டையாகப் பதிய வேண்டும் என்பதற்காகவே அமைத்த ஏற்பாடு இது. பந்தயத்துக்கு ஏற்ற கார் என்று 1990களின் சிவிக் பெயர் பெற்றதற்கும், தாழ்த்தியதும் அது சாய்ந்து நிற்பதற்கும் காரணம் ஒன்றே.

போலோவிலும் ஸ்விஃப்டிலும் முன்னால் இருப்பது மேக்பெர்சன் ஸ்ட்ரட். மேல் ஆர்ம் இல்லாமல், ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் அமைப்பு இது. இங்கே கீழ் ஆர்ம் கிடைமட்டத்தை நெருங்கும் வரை அதன் நுனி வெளியே நகர்ந்து கொஞ்சம் நெகட்டிவ் கேம்பர் சேரும். அந்த எல்லையைத் தாண்டி ஆர்ம் மேல்நோக்கி எழும்பிவிட்டால் நுனி மறுபடி உள்ளே வரத் தொடங்கும், கேம்பரும் கூடுவதை நிறுத்திப் பின்வாங்கும். அப்படியிருந்தும் இவ்வகைக் கார்களின் முன்டயர் உள்ளே தேய்கிறதென்றால், முதல் சந்தேகம் டோ மீதே விழ வேண்டும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் கீழ் ஆர்மும் வெவ்வேறு நீளமும் சரிவும் கொண்டவை; தாழ்த்திய காரில் அவற்றின் வட்டப்பாதைகள் ஒத்துப்போகாத பகுதியிலேயே சக்கரம் ஏறி இறங்குவதால், ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் டோ தானாக மாறுகிறது. பம்ப் ஸ்டீர் எனப்படும் இந்தக் குறை முற்றிய காரை நிறுத்திவைத்து எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், சாலையில் இறங்கியதும் அந்த அளவு நிலைப்பதில்லை. டை ராட் நுனியின் உயரத்தை மாற்றும் பாகங்களைப் பொருத்துவது, அல்லது காரை 1 சென்டிமீட்டர் உயர்த்திவிடுவது, இரண்டில் ஒன்றுதான் தீர்வு. பின்னது மலிவானது, பெரும்பாலும் போதுமானதும்கூட.

கேள்வி: அலைன்மென்ட் சீட்டில் எல்லாக் கட்டமும் பச்சை. டயர் மட்டும் சிவப்புக் கொடி காட்டுவது ஏன்?

பதில்: இயந்திரம் பச்சை காட்டுவது, தொழிற்சாலை தனது உயரத்துக்கு வகுத்த எல்லைக்குள் அளவு இருக்கிறது என்பதற்கு மட்டுமே. எல்லையின் ஓரத்தில் நிற்கும் டோவும் பச்சைதான். கேம்பர் கூடிய காரில் அந்த ஓரமே டயரைத் தேய்க்கப் போதுமானது. எனவே தாழ்த்திய காருக்கு, பச்சை என்று சொன்னதும் கிளம்பிவிடாமல், டோவைச் சுழியத்தை ஒட்டிக் கொண்டுவரும்படி கேட்டு வாங்க வேண்டும். தினமும் ஒருவர் மட்டுமே ஓட்டும் காரென்றால் அவர் இருக்கையில் அமர்ந்திருக்கும்போதே அளப்பதும் பொருத்தம். வேலையின் வரிசையும் முக்கியம்: முதலில் பின்சக்கரங்கள், பிறகு முன்பக்கக் கேம்பர், டோ எப்போதும் கடைசி.

பட்டறைகளில் பெரிதும் விட்டுப்போகும் ஒரு வேலையும் உண்டு. ஆர்ம்களின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் பழைய உயரத்தில் இறுக்கப்பட்டவை. புதிய ஸ்பிரிங் போட்ட பின் அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, நான்கு சக்கரங்களும் தரையில் நின்று காரின் எடை ஏறிய நிலையில் மறுபடி இறுக்காவிட்டால், ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கிழிந்த புஷ்ஷில் ஆர்ம் ஆடும். ஆர்ம் ஆடினால் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் டோ விலகும். அலைன்மென்ட் மேடையில் அசையாமல் நிற்கும் காரில் இந்த ஆட்டம் வெளிப்படாது.

கேள்வி: ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டினால் செலவே இல்லாமல் கார் தாழ்கிறதே?

பதில்: வெட்டக் கூடாது. சுற்றுகள் குறையக் குறைய ஸ்பிரிங் விறைப்பாகும், அந்த விறைப்புக்குப் பழைய ஷாக் அப்சார்பர் ஈடுகொடுக்காது. குழியில் சக்கரம் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு நழுவவும் கூடும்.

கேள்வி: பின்பக்கத்தில் சரிசெய்ய ஒன்றுமே இல்லை என்கிறார்கள். பின்டயர் தலைவிதியை நொந்துகொள்ள வேண்டியதுதானா?

பதில்: காருக்குக் கார் பதில் மாறும். பழைய சிவிக்கில் பின்பக்க டோவை மாற்றும் ஏற்பாடு உண்டு. கேம்பருக்கு நீளம் மாற்றக்கூடிய ஆர்ம் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். போலோ, ஸ்விஃப்ட் போன்றவற்றில் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே முறுக்குத் தண்டு இணைப்பதால், தாழ்த்தினாலும் அவற்றின் கோணங்கள் அதிகம் மாறுவதில்லை. அங்கே தேய்மானம் ஒருபக்கமாகத் தெரிந்தால் தண்டு எங்கோ மோதி வளைந்திருக்கலாம். தண்டுக்கும் ஹப்புக்கும் நடுவே ஆப்புப் போன்ற மெல்லிய தகட்டை வைத்து ஓரளவு திருத்த முடியும்.

கேள்வி: ஜப்பானியப் படங்களில் சக்கரம் கூரை போலச் சாய்ந்தே ஓடுகிறது. அங்கே டயர் தேயாதா, சட்டம் பார்க்காதா?

பதில்: டயர் தேயும், சட்டமும் பார்க்கும். ஓனிக்யான் எனப்படும் அந்தப் பாணியில் உள்விளிம்பின் ஒரு பட்டை மட்டுமே தரையைத் தொடுவதால் பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும். காரின் அடிப்பகுதி தரையிலிருந்து 9 சென்டிமீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது ஜப்பானிய வாகனச் சோதனையின் விதி. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்த அளவுகளுக்கு முரணாகும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம் என்பதையும் தாழ்த்த விரும்புவோர் முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நல்லது.

கேள்வி: உள்ளே தேய்ந்த டயரைக் கழற்றி, தேய்ந்த பக்கம் வெளியே வரும்படி மாட்டி மிச்சத்தையும் ஓட்டித் தீர்க்கலாமா?

பதில்: கம்பி தெரியாமல், பட்டன் 1.6 மில்லிமீட்டர் குறியை இன்னும் தொடாமல் இருந்தால் செய்யலாம். ஆனால் டயரின் வகையைப் பார்க்க வேண்டும். இருபக்கமும் ஒரே வடிவம் கொண்ட, சுழலும் திசை குறிக்கப்படாத டயரை ரிம்மில் தாராளமாகத் திருப்பி மாட்டலாம். திசைக்குறி உள்ள டயரைத் திருப்பினால் அம்புக்குறியும் எதிர்த்திசைக்குப் போய்விடும் என்பதால், அதைக் காரின் மறுபக்கச் சக்கரமாக்க வேண்டும். வெளிப்பக்கம் எது என்று சுவரிலேயே அச்சிட்டிருக்கும் டயரைத் திருப்பவே கூடாது. எந்த வகையானாலும் டோவைத் திருத்திய பிறகே இந்த வேலையைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக உள்ளே போன பக்கமும் அதே வேகத்தில் தேய்ந்துவிடும்.