ஒண்ணரை ஏக்கர் ஜமீன்

வாங்க ஜமீன்தாரே, வாங்க. செருப்பை அங்கியே கழட்டிப் போட்டுட்டு இந்தத் திண்ணையில உக்காருங்க. பெங்களூரு வேலையை விட்டுப்போட்டு ஒண்ணரை ஏக்கர்ல பொழைச்சுக் காட்டறேன்னு வந்திருக்கறீங்களாமே? உங்கம்மா நேத்துப் பொழுதோட வந்து கண்ணைக் கசக்கீட்டுப் போனா. நாந்தான் சமாதானம் சொல்லி அனுப்பினேன். "அழுவாதே அம்மிணி, உன்ற மவன் இன்னும் கெட்டுப் போகலே. அதுக்கு ஆறு மாசம் இருக்குது."

மொறைக்காதே கண்ணு. தொப்பி நல்லாத்தான் இருக்குது. வெவசாயத்துக்கு முதல்ல தொப்பி வாங்கோணும்னு அந்த யூட்யூப்காரன் சொன்னானா? அடுத்தது கேட்டு, கேட்டுக்கு மேல போர்டு. நம்ம தாராபுரம் ரோட்டுல உனக்கு முன்னால வந்த ஒருத்தர் அப்படித்தான் ஆரம்பிச்சார். இரும்புக் கேட்டு, "இயற்கை வேளாண் பண்ணை"ன்னு பச்சைப் பெயிண்டுல எழுத்து. கேட்டு இப்பவும் கம்பீரமா நிக்குது. வேலிக்குத்தான் காசு பத்தலே. ஆடுகளுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாதா, பக்கவாட்டுல பூந்து மேஞ்சுட்டுப் போகுது. கிளுவைக் குச்சியை ஒடிச்சு வரிசையா நட்டிருந்தா மழைக்குத் துளிர்த்து உசுரு வேலியா நின்னிருக்கும். அதை வீடியோ எடுத்தா யாரு பார்க்கறாங்க?

சரி, அந்தக் கம்ப்யூட்டர்ப் பொட்டியைத் தொற. கணக்கைப் பார்க்கலாம். ஒரு ஏக்கர் தக்காளி, பத்து டன்னு, கிலோ 40 ரூபாய், ஆக மொத்தம் 4 லட்சம். பெருக்கல் சுத்தமா இருக்குது, கண்ணு. தக்காளிக்குத்தான் பெருக்கல் தெரியாது. 2023 ஆடியில கிலோ நூறைத் தாண்டுச்சு, டிவியில எல்லாம் காட்டுனாங்க. அதைப் பார்த்துட்டு ஊரே நாத்து வாங்கி நட்டுது. புரட்டாசியில எல்லார் காட்டுலயும் ஒண்ணாப் பழுத்துது. ஒட்டன்சத்திரத்துக்கு 14 கிலோப் பொட்டியைக் கொண்டு போனவன், பறிகூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிசன் எல்லாம் போக, பொட்டியைத் திருப்பிக் கொண்டாந்ததே லாபம்னான். வெலை ஏறினப்ப நட்டவன், வெலை எறங்கினப்பத்தான் பறிப்பான். இதுக்குக் கம்ப்யூட்டர் வேண்டியதில்லை, திண்ணையே போதும்.

முருங்கையா? நம்ம மூலனூர்ப் பக்கம் கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் அதுதான். மார்கழி, தை பனிக்குப் பூவு நிக்காது, காய் தங்கம் மாதிரி விக்கும். பங்குனி, சித்திரையில காய் கொத்துக் கொத்தாத் தொங்கும், கேக்க நாதி இருக்காது. உன்ற ஏட்டுல மார்கழி வெலையையும் சித்திரை வெளைச்சலையும் சேர்த்துப் பெருக்கி வெச்சிருக்கற. பெரிய ஆளுதான் நீ.

போர் போடோணுமா? போடு, போடு. தேங்காயைக் கையில வெச்சுக்கிட்டு ஒருத்தர் நடப்பாரு, அது நிமுந்து நிக்குற எடத்துல 1,000 அடி போகும். எங்க பங்காளி மூணு போர் போட்டான். முதல்ல உப்புத் தண்ணி, ரெண்டாவதுல ரெண்டு நாள் தண்ணி, மூணாவதுல வெள்ளையாப் புழுதி. தேங்காயைச் சட்னி அரைச்சிருந்தா நாலு பேரு சாப்பிட்டிருப்பாங்க. கரண்டு சும்மாதான், 1990-ல இருந்து பம்புசெட்டுக்குக் காசு இல்லே. அது சும்மா வரலே கண்ணு. 1972-ல வெவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு கூப்பிட்டாருன்னு மாட்டு வண்டியெல்லாம் கோயமுத்தூருக்குள்ள போயி ரோட்டை அடைச்சு நின்னுது. என்ற வண்டியும் ஒண்ணு. இப்பக் கரண்டு சும்மா கெடைக்குது, எறைக்கத்தான் தண்ணி இல்லே.

சொட்டு நீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் உண்டு. அஞ்சு ஏக்கருக்குள்ள இருந்தாப் போதும், நீ தாராளமாக் குறுதான். ஆனாச் சான்று வேணும், சான்றுக்குச் சிட்டா வேணும், சிட்டாவுல உன்ற பேரு வேணும். அதுல யாரு பேரு இருக்குது? உங்க அப்பாரு பேரு. அவர் போயிச் சேர்ந்து பன்னெண்டு வருசமாச்சு, அவர் எங்க வந்து கையெழுத்துப் போடறது? பங்கு பிரிக்க உன்ற சித்தப்பனைக் கூப்பிடோணும். அவன்கிட்ட நீ பேசறதில்லே. ஆகக் காட்டுல முதல் சாகுபடி காகிதந்தான். அதை முடிச்சுப்போட்டு வெதையைப் பத்தி யோசி. டெல்லிக்காரங்க வருசத்துக்கு மூணு தவணையாக் குடுக்கற 6,000 ரூபாயையும் கணக்குல சேர்த்திருக்கறயே? நீ போன வருசம் வருமான வரி கட்டினவன். அதுல உனக்குப் பங்கில்லே. அழிச்சுரு.

கெழவன் எல்லாத்துக்கும் நொட்டை சொல்றான்னு நெனைக்கற. நானும் ஒரு காலத்துல உன்னை மாதிரிப் புத்திசாலியாத்தான் இருந்தேன். பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி வந்துது தெரியுமா? பணத்தைக் கட்டு, குஞ்சைத் தர்றோம், தீனி தர்றோம், மாசாமாசம் சம்பளமும் தர்றோம்னாங்க. கோழி வளர்த்தறவனுக்குச் சம்பளமா, முட்டை யாரு வாங்கறதுன்னு உங்க பாட்டி கேட்டா. பொம்பளைக்கு யாவாரம் என்ன தெரியும்னு நான் போயிக் கட்டினேன். 2012-ல கம்பெனிக்காரங்களைக் காணோம். ஆளு ஒசரத்துக்கு வளர்ந்த பறவைங்க பசியில கத்துது, கடைசியில கவர்மெண்டுதான் தீனி போட வேண்டியதாப் போச்சு. போலீசுல புகார் குடுக்க நின்ன வரிசையில எனக்கு முன்னால ஒரு வாத்தியார், பின்னால ஒரு பேங்குக்காரர். நல்ல கூட்டு. இன்னைக்கு வரைக்கும் உங்க பாட்டி முட்டைக் கொழம்பு வெச்சா, ஊத்தறப்ப என்ற மொகத்தை ஒரு தடவை பார்ப்பா.

அதுக்கப்புறந்தான் நான் சின்னதா நெனைக்கப் பழகினேன். 20 சென்டுல கீரைப் பாத்தி. எல்லாத்தையும் ஒரே நாள்ல வெதைக்காதே, வாரத்துக்கு ரெண்டு பாத்தி வெதை. சிறுகீரை 25 நாள்ல கைக்கு வரும், அப்புறம் எந்த வாரமும் கை காயாது. அதைப் பாட்டி விடியக் கருக்கல்ல பஸ்ஸுல ஏத்தி உழவர் சந்தைக்குக் கொண்டு போவா. அங்க கமிசன் இல்லே, தராசு அவங்களே தர்றாங்க, போட்டோ ஒட்டின அட்டை இருந்தாச் சரி. அரை ஏக்கரை நான் உழுவறதே இல்லே, மேய்ச்சலுக்குக் கொறங்காடா விட்டுட்டேன். கொழுக்கட்டைப்புல்லு, நாலு வெள்வேல மரம், அஞ்சு வெள்ளாடு. ஆடு ரெண்டு வருசத்துல மூணு ஈத்துப் போடும், பெரும்பாலும் ரெட்டைக் குட்டி. பேரப் பிள்ளைங்களுக்கு ஸ்கூல் பீசு கட்டற மாசத்துல ஒரு கெடாயைப் பிடிச்சுக் கன்னிவாடிச் சந்தைக்குக் கொண்டு போனாப் போதும். பேங்கு மேனேஜர் மாதிரி அது கையெழுத்துக் கேக்காது. கொல்லையில எருமை ஒண்ணு, காலையிலயும் சாயங்காலமும் பாலு, அந்தச் சாணி கீரைக்கு. வரப்புல முருங்கை, வீட்டுக்கு வேணுங்கற அளவுக்கு. நாங்க கடையில வாங்கறது உப்பு, அரிசி, பருப்பு, எண்ணெய். மீதியெல்லாம் காட்டுல இருந்து வர்றதுதான்.

ஆனா ஒண்ணு. எருமை வெச்சவன் ஊருக்குப் போக முடியாது. உன்ற கணக்குல "சனி, ஞாயிறு மட்டும் பண்ணை"ன்னு ஒரு எடத்துல எழுதி இருக்கறயே, அதை எருமைகிட்டச் சொல்லிப் பார்க்கோணும்.

இதுவரைக்கும் உங்கம்மாகிட்டக்கூடச் சொல்லாத ஒண்ணு சொல்றேன், கிட்ட வா. பெரிய புள்ளை கல்யாணத்தை ஆடும் பாலுந்தான் பண்ணி வெச்சுது. சின்னவ கல்யாணத்துக்குக் காடு கையை விரிச்சுருச்சு. அப்பத் திருப்பூர் பனியன் கம்பெனியில என்ற பையன் வாங்கின சம்பளந்தான் நின்னுது. இந்த ஊர்ல ஒண்ணரை ஏக்கரை வெச்சு மானமாப் பொழைக்கறவன் வீட்டுல எல்லாம் ஒருத்தர் வெளியில சம்பளம் வாங்கீட்டுத்தான் இருக்கறாங்க. உன்ற பொண்டாட்டி வேலையை விடப் போறாளா? மாட்டேன்னுட்டாளா? அப்பாடா. வீட்டுல ஒருத்தருக்காவது புத்தி இருக்குது, நீ பொழைச்சுக்குவே.

சரி, மணி அஞ்சாச்சு. சொசைட்டிக்குப் பால் ஊத்தற நேரம். எந்திரி, அந்தத் தொப்பியைக் கழட்டி வெச்சுட்டுக் கேனை எடுத்துக்கிட்டு வா. எருமைக்குப் பின்னால மட்டும் நிக்காதே, புது ஆளைக் கண்டா ஒதைக்கும்.