மனைப்பிரிவு மகாத்மியம்

திருமுதுகுன்றம் என்கிற விருத்தாசலத்து ஈசன் சுந்தரருக்குப் பன்னீராயிரம் பொன் கொடுத்தார். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டாராம் சுந்தரர். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதை. ஆனால் மனிதர் விவரமானவர். கொடுத்தவர் கடவுளே ஆனாலும் மாதிரிக்கு மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டுதான் மிச்சத்தை ஆற்றில் விட்டார். திருவாரூர் போய்ப் பிள்ளையாரை வைத்து மாற்றும் உரைத்துப் பார்த்தார். இன்று அதே விருத்தாசலத்தில் மனை வாங்குகிறவர் புரோக்கர் நீட்டும் கலர் நோட்டீசைப் பார்த்தே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். பணம் ஆற்றோடு போகிறது. குளத்தில் தேடலாம் என்றால், குளத்துக்குள் மஞ்சள் கல் நட்டிருக்கிறார்கள்.

உளுந்தூர்பேட்டை சாலை, பெண்ணாடம் சாலை, சேத்தியாத்தோப்பு சாலை என்று ஊரைவிட்டு எந்தப் பக்கம் போனாலும் ஒரு தோரணவாயில் நம்மை வரவேற்கிறது. நேற்று வரை அது நிலக்கடலைக் கொல்லை, அல்லது முந்திரித் தோப்பு. நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் வி.ஆர்.ஐ. என்று நம் ஊரின் பெயரிலேயே ரகங்களை உருவாக்கித் தந்தது இங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம். விஞ்ஞானிகள் மன்னிக்க வேண்டும், இந்த மண்ணில் இப்போது அதிக மகசூல் தருவது எல்லைக்கல்தான். நீர் பாய்ச்ச வேண்டாம், களை எடுக்க வேண்டாம்.

சாகுபடி முறை எளிது. முதலில் நிலத்தை இரண்டு போகம் தரிசாகப் போட வேண்டும். பிறகு ஜேசிபி விட்டு வரப்பை அழித்து, செம்மண் கொட்டி, அதற்கு முப்பதடி ரோடு என்று பெயர் சூட்ட வேண்டும். குறுக்கே வருகிற பாசன வாய்க்காலைத் தூர்த்தால் இன்னும் இரண்டு பிளாட் தேறும். ஞாயிற்றுக்கிழமை பந்தல், பிரியாணி, குலுக்கலில் தங்கக் காசு. விவசாயியிடம் நிலத்தை வாங்கவேண்டும் என்றுகூட இல்லை, ‘பவர்’ எழுதி வாங்கினால் போதும். கடைசியாக ஒரு சாமியின் பெயரையோ சொந்த மகளின் பெயரையோ முன்னால் ஒட்டி ‘நகர்’ என்று முடித்துவிட்டால் நகரம் தயார். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு? அதெல்லாம் நகராட்சி பார்த்துக்கொள்ளும். நகராட்சியைக் கேட்டால், அந்த இடம் பஞ்சாயத்து எல்லை என்பார்கள்.

சட்டம் இல்லாமலா? 1971-லேயே நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தாயிற்று. மனைப்பிரிவு (லேஅவுட்) போட நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டிடிசிபி) ஒப்புதல் வேண்டும். பெரிய மனைப்பிரிவு என்றால் சாலை போக மிச்ச நிலத்தில் பத்து சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும். பத்து சதவீதத்தைத் தானம் செய்யக் கர்ணனா லேஅவுட் போடுகிறவர்? பஞ்சாயத்துத் தலைவரிடம் போய் ஒரு சீல் குத்திக்கொண்டு வந்தார். அதற்குப் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று பெயர் வைத்தார். தலைவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. சீல் இருந்தது, அது போதாதா? சார்பதிவாளர் அலுவலகமும் முத்திரைத் தீர்வை வந்தால் சரி என்று பதிந்து தள்ளியது.

இதைத் தடுக்கப் பதிவுச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து 2009-லேயே ஒரு திருத்தம் எழுதினார்கள். எழுதித் தூங்கவைத்தார்கள். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று ஓங்கி ஒரு குட்டு வைத்த பிறகுதான் அந்தப் பிரிவு கண் விழித்தது. நடைமுறைக்கு வந்த நாள் அக்டோபர் 20. கும்பகர்ணனே ஆறு மாதத்தில் எழுந்துவிடுவான்; நம் சட்டத்துக்கு ஏழு வருடம் பிடித்தது. எழுந்த சட்டத்திலும் ஒரு சலுகை இருக்கிறது. ஏற்கெனவே ஒருமுறை வீட்டுமனையாகப் பதிந்திருந்தால் மறுபடியும் பதியலாம். முதல் தப்புக்குத்தான் தடை, இரண்டாவது தப்புக்கு முன்னுரிமை.

2017 மே 4-ல், அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்த வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்குள் ஒரே ஒரு மனையாவது விற்றிருந்தால் அந்த லேஅவுட்டுக்கு மனு போடலாம் என்றார்கள். நீர்நிலை, புறம்போக்கு போன்றவற்றுக்குக் கிடையாது. கெடு ஆறு மாதம். பிறகு நீட்டிப்பு, அதற்கும் ஒரு நீட்டிப்பு. இதில் கட்டணம் கட்டியவர் யார்? லேஅவுட் போட்டவர் பணத்தை எண்ணிக்கொண்டு அடுத்த ஊரில் அடுத்த நகரை நிர்மாணிக்கப் போய்விட்டார். விடிகாலையில் பீங்கான் சூளைக்குப் போய் அச்சில் பொம்மை வார்த்து, சீட்டுப் போட்டு, மனைவியின் தாலிச் செயினை அடகு வைத்து ஆறு சென்ட் வாங்கினாரே, அவர் கட்டினார். ஆய்வுக் கட்டணம் மனைக்கு ஐந்நூறு, வரன்முறைக் கட்டணம் தனி, அபிவிருத்திக் கட்டணம் தனி. ஏமாந்தவனுக்கு அபராதம், ஏமாற்றியவனுக்கு அடுத்த லேஅவுட். இதற்கு அரசாங்கம் வைத்த பெயர் ‘வாய்ப்பு’.

ஆறு சென்ட்காரருக்கு, மனை வாய்க்காலில் இருந்தால் வரன்முறை இல்லை. நூறு ஹெக்டேருக்குக் குறையாமல் வைத்திருக்கிறவருக்கோ, உள்ளே நீர்நிலையும் ஓடையும் இருந்தாலும் வழி செய்ய 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில், சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. சிறப்புத் திட்டமாம். சிறப்பு எது என்பதை நிலத்தின் பரப்பளவு சொல்லும்.

சூளையில் வெந்த பீங்கானைத் திரும்பக் களிமண்ணாக்க முடியாது என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கொல்லையும் அப்படித்தான். தூர்த்த வாய்க்காலை எந்த அரசாணையும் திரும்ப வெட்டித் தராது.

அதனால் அதிகாரிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரன்முறைக் கட்டணம் என்று ஒன்றை வசூலிப்பதானால், வாங்கியவர் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். விற்றவரிடம் வசூல் செய்யுங்கள். ஆள் எங்கே என்று தேட வேண்டாம். பவர் ஏஜென்ட்டின் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண், போட்டோ, பெருவிரல் ரேகை எல்லாம் ஒவ்வொரு கிரையப் பத்திரத்திலும் உங்கள் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே பத்திரமாக இருக்கின்றன.